பார்ப்பவர்கள்: இருவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் நலத்தையும் விசாரிக்க வேண்டும், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. இதை உன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பிரித்திருந்தால் அப்படியே மடித்துக்கொண்டு எழுந்து போ. முகத்தை மாற்றிக்கொள்ளாதே, யாரிடமும் ஒன்றும் சொல்லாதே, லேப்டாப்பை மூடவும் வேண்டாம், டீ குடிக்கப் போகிறவள் மாதிரி போ. போனையும் மேசையிலேயே விட்டுவிடு. மாடிப்படியோ கழிவறையோ, எங்காவது தனியாக நின்று மீதியைப் படி. அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாய். தாராளமாக நினைத்துக்கொள், ஆனால் எழுந்து போய் நினைத்துக்கொள்.

போய்விட்டாயா, சரி. விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், அவரும் நடக்கிறார், ஹாலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை. அண்ணனுக்கு மாற்றல் வந்திருக்கிறது, பெட்டி கட்டிக் கட்டி இடுப்பே போய்விட்டது என்கிறாள் அண்ணி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நம் வீட்டுச் சுவரில் எங்கெங்கே அழுக்கு என்று சுட்டிக்காட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நன்றாக இல்லாதது நான் செய்துவைத்த காரியம் ஒன்றுதான்.

போன வருடம் நீ மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாய், அதுவும் வாய் தவறி. சிரித்துக்கொண்டே உன்னைத் திட்டினேன், போனை வைத்த பிறகு அழுதேன். உனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள் நான். ஒரு லைன் ரொம்ப நேரம் போய்க்கொண்டே இருந்தால், பேசுகிறார்களா, அறுந்துவிட்டதா என்று ஒரு நொடி காது வைப்போம், குரல் கேட்டதும் எடுத்துவிடுவோம். லைன் பார்ப்பது என்று அதற்குப் பெயர். அதற்கு மேல் காது வைக்கிறவள் ஆபரேட்டர் இல்லை, ஒட்டுக்கேட்கிறவள் என்று எங்கள் சூப்பர்வைசரம்மா சொல்வார். உன்னையும் அப்படி லைன் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு, முற்றிலும் இலவசம் என்று இணையத்தில் ஒரு புரோகிராம் கிடைத்தது. குடும்ப ஆல்பம் என்று உனக்கு ஒரு மெயில் அனுப்பினேனே, அதில் இருந்த படங்களோடு அதுவும் ஒளிந்து வந்தது. திறந்ததும் லேப்டாப் சிவப்பாக எச்சரிக்கை காட்டுகிறது, என்ன செய்யட்டும் என்று என்னிடமே போன் போட்டுக் கேட்டாய். பழைய மெஷின், எதைப் பார்த்தாலும் கத்தும், அனுமதி என்பதை அழுத்து என்று வாய் கூசாமல் சொன்னேன். அம்மா சொல்கிறாளே என்று நீயும் அழுத்தினாய்.

அன்றிலிருந்து உன் திரையில் தெரிகிறதெல்லாம் என் திரையிலும் தெரிந்தது. நீ தட்டுகிற எழுத்து, தட்டிவிட்டு அழிக்கிற எழுத்து, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எனக்கு மெயில் எழுத உட்காருவாய், எனக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை அம்மா என்று எழுதுவாய், அப்புறம் அதை அழித்துவிட்டு எல்லாம் நலம் என்று அனுப்புவாய். நான் உடனே போன் செய்வேன், குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்பேன், எப்படிம்மா உனக்கு மட்டும் தெரியுது என்று நீ உடைந்து அழுவாய். அதில் எனக்குப் பெருமை வேறு. பெற்ற மனசு என்று அத்தையிடம் பீற்றிக்கொண்டேன். லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது, சும்மா வைத்தாலும் ஃபேன் ஓடுகிறது, கேமரா விளக்கு தானாக மின்னிவிட்டு அணைகிறது என்று நீ மூன்று தடவை சொன்னாய். தூசி சேர்ந்திருக்கும், துடை என்றேன். விளக்கைப் பற்றி நீ சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கேமரா பொத்தானை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அது வரை போனால் தப்பு என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டிருந்தேன், என் யோக்கியதை அவ்வளவு.

போன செவ்வாய்க்கிழமை, உன் திரையைக் காட்டும் அந்தப் புரோகிராம் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. பார்ப்பவர்கள்: இருவர். நான்தான் இரண்டு முறை திறந்துவிட்டேன் போல என்று வெளியே வந்து மறுபடி நுழைந்தேன், அப்போதும் இருவர். அப்பாவைச் சந்தேகப்பட்டேன், அந்த மனுஷருக்கு டிவி ரிமோட்டே இன்னும் பிடிபடவில்லை. போர்டில் மூன்றாவது ஆள் காது வைத்தால் குரல் லேசாக இறங்கும், எங்களுக்குப் புரிந்துவிடும், இதில் அந்த அடையாளமும் இல்லை. கடைத்தெரு முனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண்ணிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இலவசமாகக் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள் என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா என்று மட்டும் கேட்டாள். பிள்ளைக்குக் காவல் என்று பெற்றவர்கள் கையாலேயே கதவைத் திறக்க வைத்து, பின்னாலேயே அவர்களும் நுழைந்துவிடுகிறார்களாம். வீட்டுக்கே வந்து, என் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராமுக்குள்ளே எங்கோ தோண்டி ஒரு பட்டியலைக் காட்டினாள். கேமரா நாற்பத்தொரு முறை திறந்திருக்கிறது. உன் பாஸ்போர்ட் நகலை எடுத்திருக்கிறான். வீட்டு வாடகைப் பத்திரத்தை எடுத்திருக்கிறான், அதில் உன் முகவரி இருக்கிறது. வாசல் பூட்டின் எண்ணை நீ அறைத்தோழிக்கு அனுப்பிய செய்தி இருக்கிறது. அவள் இருபத்திரண்டாம் தேதி ஊருக்குப் போகிறாள், பத்து நாள் தனியாக இருப்பேன் என்று போன வாரம் நீ என்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்த நேரம் முழுக்க லேப்டாப்பின் மைக் திறந்திருந்தது. அந்த வரியை மட்டும் அவன் தனியாகக் குறித்து வைத்திருக்கிறான். அவனோ அவளோ அவர்களோ, யாரென்று தெரியாது. ஏன் உன்னை என்றும் தெரியாது.

போன் செய்யாததற்குக் காரணம் இதுதான். உன் போன் செய்திகளெல்லாம் லேப்டாப்பிலும் வந்து விழுகின்றன, அதை நீ போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டும் போகிறாய். நான் சொல்லும்போது உன் முகம் மாறினால் கேமராவில் தெரியும், உனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவன் என்ன செய்வானோ. கூரியர்க்காரர் பதினெட்டாம் தேதிக்குள் உன் அலுவலக வரவேற்பில் சேர்ந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். இனி செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள். உங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவர்களிடம் நேரில் போய் இந்தக் கடிதத்தைக் காட்டு, முதல் வேலையாக லேப்டாப்பின் இணையத் தொடர்பை அறுத்துவிடச் சொல். அதில் இனி ஒரு எழுத்தும் தட்டாதே. மெயில், வங்கி, எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் வேறு நல்ல மெஷினிலிருந்து மாற்று, பழையதன் சாயல் கூட இருக்கக் கூடாது. ஆல்பத்தை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதே. அந்தப் பெண் என் கம்ப்யூட்டரில் அழித்துக் காட்டினாள், அணைத்துப் போட்டதும் வேறு பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. வைரஸ் துடைப்பான்கள் பாதியைத்தான் பிடிக்கும் என்கிறாள். டிஸ்க்கை முழுக்கத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும், உன் கடிதங்கள், படங்களை மட்டும் சோதித்து எடுத்துக்கொள்ளலாம், பழைய சேமிப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் அவனும் கூடவே வருவான். ஆனால் துடைப்பதற்கு முன் போலீஸிடம் கொடு, தடயம் அதில்தான் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல். தயங்காதே, நான் அவர்களுக்கு எழுதிய வாக்குமூலத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இன்றைக்கே உன்னோடு வேலை செய்பவர்கள் யார் வீட்டிலாவது தங்கிக்கொள், சாமான் எடுக்கக் கூட அங்கே தனியாகப் போகாதே.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்து, அவ உன்னை மன்னிக்கணும்னு கேட்டு எழுதாதே, பத்திரமா இருக்கச் சொல்லி எழுது என்றார். அதனால் கேட்கவில்லை.

தினமும் பார்க்கிறவள் திடீரென்று நிறுத்தினால் அவன் உஷாராகிவிடுவான் என்று அந்தப் பெண் சொன்னதால் இந்த நிமிஷம் வரை என் கம்ப்யூட்டர் முன்னறையில் திறந்துதான் இருக்கிறது, நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையால் எழுதுகிறேன். சற்று முன் போய்ப் பார்த்தேன், ஏதோ கணக்கு அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாய், இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினாய். பக்கத்தில் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். நீ தொடர்பை அறுத்ததும் என் திரை கறுத்துவிடும், கடிதம் கிடைத்தது என்று நான் தெரிந்துகொள்வேன். அதற்கப்புறம் நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்னைத் திட்டினாயா, எதுவும் எனக்குத் தெரியாது. நீயாகச் சொன்னால் உண்டு, சொல்லத் தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம்.

நூறு வயசு நல்லபடியாக இரு கண்ணு. வாசல் பூட்டின் எண்ணை மாற்ற மறந்துவிடாதே. புது எண்ணை யாரிடமும் சொல்லாதே, என்னிடமும்.

உன்
அம்மா