பலெர்மோவிலிருந்து வந்த சட்டை

நீ அனுப்பிய சட்டையை இன்று காலையில் மாடு மென்றுவிட்டது. இடது கை முழுவதும் போய்விட்டது. சவர்க்காரம் கண்ணில் படாத இந்த ஊரில் இப்போது பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்க்கிறோம். கொடியில் காயப்போட்டால் அந்த மணத்துக்கு மாடு வந்துவிடும். உன் அப்பா பனையேறுகிறவர் என்று முகம் சுளித்த வீடுகளில் எல்லாரும் இப்போது பனை மணக்கத்தான் வெளியே போகிறார்கள். உயிரோடு இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

தைக்கக் கொடுக்கலாம் என்று பழக்கத்தில் சைக்கிளை எடுத்துவிட்டேன். வாசல் படலை வரை போன பிறகுதான், நம் இருவருக்கும் பள்ளிக்கூட உடுப்புத் தைத்த முஸ்லிம் தையற்காரர் இங்கே இல்லை என்பது உறைத்தது. நாலு வருடத்துக்கு முன் இயக்கக்காரர் துவக்கோடு வந்து அவரையும் அவருடைய தெருவையும் வெறுங்கையோடு போகச் சொன்னார்கள். போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்துக்கொண்டு நிற்பதில் எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர்.

அதை நான் பழகியது உன்னில்தான்.

நீ வெளிநாடு போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. கோயில் என் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது. சட்டப்படி கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் உங்கள் ஆட்கள் வெளிவீதியில் நின்றே கும்பிட்டுப் போனார்கள். உன்னை உள்ளே வரச்சொன்னது நான். “நீ வா மச்சான், நான் மணியடிச்சுக்கொண்டு நிப்பன், ஆர் மறிக்கிறது எண்டு பாப்பம்” என்று வீரம் கதைத்ததும் நான். நீ வந்தாய். செருப்பைக் கழற்றினாய். எல்லா ஆம்பிளைகளையும்போலச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினாய். பெரியப்பா கதவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“பூசை முடிஞ்சுது தம்பி. நாளைக்கு வா.”

“மணி அடிக்குதே ஐயா?”

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

“இப்ப நிண்டிட்டுது” என்றார் அவர்.

நீ இடுப்பு முடிச்சை அவிழ்த்தாய். சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். என் கை செய்த பொய்க்கு நீ என்னைத் திட்டியிருந்தால் இந்த ஒன்பது வருடமும் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

நீ திட்டவில்லை, கடிதம் எழுதினாய். சிசிலித் தீவு, பலெர்மோ நகரம், ஒரு வீட்டில் கோப்பை கழுவும் வேலை. வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் லீவு. போக இடமில்லாமல் தேவாலயங்களுக்குள் போய் இருப்பாயாம். உள்ளே குளிர்ச்சி, ஒருவரும் விசாக் கடதாசி கேட்கமாட்டார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடப் பழைய கட்டடங்கள். ஒன்றின் கூரையில் மூன்று சிவப்புக் குமிழ்கள், “சூளையிலயிருந்து இறக்கிக் கவிட்டு வைச்ச பானை மாதிரி” என்று எழுதினாய். உள்ளே வெறும் கல், யன்னல்கள் சின்னன், சுவர் எங்கள் கோட்டைச் சுவர்போலத் தடிப்பு. பெரிய தேவாலயத்தின் வாசல் தூண் ஒன்றில் அரபு எழுத்தில் குர்ஆன் வசனம் இருக்கிறதாம். முஸ்லிம்களிடமிருந்து நகரத்தைப் பிடித்தவர்கள் அந்தத் தூணையே தங்கள் வாசலில் நட்டுவைத்திருக்கிறார்கள், எழுத்தை ஒருவரும் சுரண்டவில்லை. “பிடிச்சவங்களும் நல்லவங்கள் இல்லை மச்சான். எண்டாலும் எழுத்து நிக்குது.”

பிறகு அரண்மனைக்குப் போனாய். ராசாவின் தனிக்கோயில் மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பொன், மேலே தேன்கூடு மாதிரிக் குடைந்த மரக்கூரை. வாசலில் உன் கை தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது: சப்பாத்தைக் கழற்றினாய், சட்டையையும் கழற்றி இடுப்பில் கட்டினாய். காவற்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். “சப்பாத்தைக் கையில எடுத்திட்டன் மச்சான். இங்கையும் மறிக்கிறாங்கள் எண்டு நினைச்சன்.” அவன் சட்டையை உருவி உன் தோளில் போட்டான், கழுத்துவரை பொத்தானைத் தானே பூட்டிவிட்டான், முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். அங்கே சட்டையில்லாமல் போகக்கூடாதாம், அவ்வளவுதான்.

அந்தச் சட்டையைத்தான் மடித்து அனுப்பியிருந்தாய். “வா மச்சான். இதைப் போட்டுக்கொண்டு வா. எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்.”

எப்படி வருவது? அடுத்த வருடம் சண்டை மூண்டு பாதை மூடியது. வெளியே போக இயக்கத்திடம் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க, நான் திரும்பி வருவேன் என்று இன்னொருவர் பிணை நிற்கவேண்டும். என் வயதுக்காரனுக்கு ஆர் பிணை நிற்பான்? வடக்கே கடல், தெற்கே ஏரி, நடுவில் நான். ஆசுப்பத்திரியில் மருந்தில்லை, சந்தையில் மண்ணெண்ணெய் யானை விலை. தலைக்கு மேலே விமானம் சுற்றும்போது எல்லாச் சாதியும் ஒரே பதுங்குகுழிக்குள் குந்தியிருக்கிறோம். விமானம் போனதும் மேலே ஏறிவந்து, கிணறு வேறு வாளி வேறு. இந்தச் சனத்தை எதுதான் திருத்தும்?

நீ கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து செத்த செய்தி ஏழு மாதம் பிந்தி வந்தது. கட்டட வேலைக்கு மாறியதை நீ எழுதவேயில்லை. பொன் சுவரைப் பற்றி மட்டும் எழுதினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் ஆண்டுத் திதி. எரிக்க உடலும் கிடைக்காத உன் அம்மா கர்ப்பூரக் கட்டி ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தா. பெரியப்பாவுக்குக் கிழடு தட்டிவிட்டது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

“பூசை முடிஞ்சுது. நாளைக்கு வாவன்.”

“மணி அடிக்குதே ஐயா.”

உன் கேள்விதான். நீ அவவிடம் சொல்லியிருக்கிறாய். பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தேன்.

“விடடா கயித்தை!”

“பூசை முடியேல்லைப் பெரியப்பா.”

மணி அடித்துக்கொண்டிருக்கையில் கதவைச் சாத்த அவருக்கும் பயம். உன் அம்மா கொடிமரம் வரை வந்து கர்ப்பூரத்தைக் கொளுத்தினா. அது அணையும்வரை நின்றா. போகும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. என்னத்துக்குத் திரும்பவேண்டும்?

மறுநாள் மணிக்கயிற்றை அவிழ்த்து அறையில் பூட்டிவிட்டார்கள். கதவும் இப்போது நேரத்தோடு சாத்தப்படுகிறது. ஒன்றும் மாறவில்லை. உள்ளங்கையில் கயிறு உரித்த தோல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

சட்டையில் மாடு விட்ட மற்றக் கையையும் நானே வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்துவிட்டேன். கோணல் தையல்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூசைக்குப் போவேன், உள்ளே போகமாட்டேன். உள்ளே போவதென்றால் இதைக் கழற்றவேண்டும். வெளிவீதியில் உன் அம்மா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு.