ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடாத மாலை

அன்புள்ள மகளுக்கு,

ஆசிகளுடன் அம்மா எழுதுவது. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுதும் கைக்கு ஒன்றுமில்லை என்பதை இந்தக் கையெழுத்தே சொல்லும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

குளியலறையில் விழுந்ததை உன்னிடம் மெதுவாகச் சொல்லலாம் என்றிருந்தேன். கீழ் வீட்டுத் தையல்காரர் முந்திக்கொண்டார். ஒரு பட்டன் தைக்க ஒரு வாரம் இழுத்தடிக்கிறவருக்கு, உனக்குப் போன் போடுவதில் மட்டும் என்ன வேகம். "தனியா இருந்தது போதும்மா, வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு" என்று அழுதாய். பதிலைப் போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியில் ஏழு மணிக்கு உள்ளூர்ச் செய்தி, அடுத்து நாட்டு நடப்பு, பிறகு ஓர் ஆவணப்படம். அப்பா போன பிறகு என் மாலைகளை நிமிர்த்தி வைத்திருப்பது அந்த வரிசைதான். உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் நிலையத்தைக் கூப்பிட்டுப் பிழைகளைச் சொல்வேன். பிழை இல்லாத அன்று நன்றி சொல்வேன். தப்பை மட்டும் சொல்லி நன்றியை விழுங்கக் கூடாது என்பது எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியது. "பாவம்மா அவங்க, ஒரு நாளாவது லீவு விடேன்" என்று நீ கேலி செய்வாயே, அதே பழக்கம்தான்.

அன்று செய்தி தொடங்கும்போது முகம் கழுவப் போனவள் விழுந்தேன். எழ முடியவில்லை. நான் கூப்பிட்டது கீழே தையல் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கூடத்திலிருந்து செய்தி மட்டும் தெளிவாகக் கேட்டது. பழுது பார்க்க மார்க்கெட் பாலத்தை மூடிவிட்டார்கள் என்று வாசித்தாள் செய்தி படிக்கும் பெண். மூடியது ஆஸ்பத்திரிப் பாலம். காலையில் நானே அங்கே தடுப்பைப் பார்த்துத் திரும்பி வந்தவள். ஆம்புலன்ஸ் போகிற வழியைத் தப்பாகச் சொல்கிறார்களே என்று, ஈரத் தரையில் கிடந்தபடி வலியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

நாட்டு நடப்பில் எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல். பிறகு, நடுக்கடலில் அறுந்த கேபிளைத் தேடி எடுத்து ஒட்டுகிறவர்களைப் பற்றிய ஆவணப்படம். நீயும் நானும் பேசுவது அந்த மாதிரிக் கேபிள் வழியாகத்தானாம். அந்த நிதானமான குரல் துணைக்கு இருந்ததால் நான் பயப்படவில்லை.

கேபிளை ஒட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது. மாற்றுச் சாவியோடு தையல்காரர், பின்னால் நிலையத்துக் கேமராக்காரர். பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் பிழையைக் கேட்டுவிட்டு நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார். உடனே அந்தப் பெண், "இவ்வளவு பெரிய தப்பு படிச்சிருக்கேன், ஹெட்மிஸ்ட்ரஸ் ஏன் இன்னும் கூப்பிடல?" என்றாளாம். அவள் கூப்பிட்டும் என் போனை யாரும் எடுக்காமல் போகவும், நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இவரை ஓடச் சொல்லியிருக்கிறாள். முகவரி அங்கே எல்லோருக்கும் மனப்பாடமாம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்பது நான்தான். ஒரு நாள்கூட வகுப்பெடுக்காதவளுக்கு இந்தப் பட்டம். கேமராக்காரர் உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கோபமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, முதலில் பாலத்தைத் திருத்தச் சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் திருத்தியாச்சும்மா, நீங்க முதல்ல கையைக் கொடுங்க" என்றார். மார்க்கெட் பாலம் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது நன்றாகவே திறந்திருந்தது.

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது, தெரியும். ஆனால் நிலையத்துக்காரர்கள் என்னை வயதானவள் என்று இரங்கித் தேடவில்லை. சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லையே என்று தேடினார்கள். இந்த வயதில் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்துப் பார். அங்கே வந்தால் திருத்துவதற்கு நீயும் மாப்பிள்ளையும்தான் கிடைப்பீர்கள். அவர் பாவம்.

குளியலறையில் பிடிகம்பி போட்டாயிற்று. போன் இனி என் கூடவே வரும். வீட்டைக் காலி செய்யும் பேச்சை விட்டுவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் ஊர்ச் செய்தி அங்கேயும் இணையத்தில் வருகிறதாம். நேரம் கிடைக்கும் நாளில் பார். பார்த்துவிட்டு, நான் எதைத் திருத்தியிருப்பேன் என்று கூப்பிட்டுச் சொல். லைன் கிடைக்காவிட்டால் பதறாதே, நிலையத்தோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர்களிடம் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
அம்மா