கொடிமுன் நின்று சுடும் முறை குறித்து

மழை பிழையாது பொழிக! மலைக்காவல் அயராது விளங்குக! இருகணவாய் காத்த ஏந்தல், வேழமுடி வேந்தர் வல்லபப் பெருமாளின் திருவுளப்படி, படைக்கல அமைச்சன் குழைக்காதன், செங்கணவாய்க் கோட்டைத் தளவாய் நெடுமாடனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும் குதிரைகளும் குடிகளும் நலமே பெறுக.

உமது மூன்றாம் ஓலை கண்டோம். முதல் ஓலையில் துப்பாக்கிகள் பழுது என்றீர், மாற்றி அனுப்பினோம். இரண்டாவதில் வெடிமருந்து முரடு என்றீர். நயமானது அரைத்து அனுப்பினோம். இப்போதோ ஆட்களே கோழைகள் என்றும், குறி பழகுகையில் பின்வாங்கி விழுந்த ஆவுடையானை வரும் வெள்ளியன்று தலைப்பாகை பறித்து, ஊரறியக் கோழையென்று பறையறைந்து நீக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர். இனி எதை மாற்றி அனுப்புவது, தளவாயாரே? மலையையா?

பொறுக்கமாட்டாமல், நீர் எல்லை பார்க்கப் போயிருந்த நாளில் நானே வந்து உமது பழகுகளத்தைக் கண்டேன். வீரர்கள் இரு குதிகாலும் ஒட்ட, முதுகு நிமிர, நட்ட கல்லாக நின்று சுட்டார்கள். வெடித்த உதைப்பில் ஒருவன் மல்லாந்தான். மற்றொருவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன் மடியில் போய் அமர்ந்தான். குண்டுகளோ குறிப்பலகையை விட்டுப் பருந்துகளைத் தேடிப் போயின. காரணம் கேட்டதற்கு, எதிரே அரசக்கொடி பறக்கிறதென்றும், கொடிமுன் காலை அகற்றுவதும் உடலை வளைப்பதும் குற்றமென்பது தளவாயாரின் ஆணையென்றும் கூறினார்கள். வெடிக்கு ஓரடி பின்னே போகிறோம், இப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் விடுப்பே கேளாமல் ஊர்போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான். அதைக் கேட்டபின் ஆவுடையானை வரவழைத்தேன்.

ஆவுடையான் தோளைத் திறந்து காட்டினான். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அதைப் பற்றி அவன் முறையிடவில்லை. கோழையின் மகளைக் கொள்ளமாட்டோமென்று சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பியதை மட்டுமே சொன்னான்.

அவனைக் கொடி தெரியாத கிணற்றடிக்கு அழைத்துப்போய், இடக்காலை முன்வைத்து வலக்காலைப் பின்னே ஊன்றி, சற்றே முன்சாய்ந்து, துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள்குழியில் இறுக அணைத்துச் சுடப் பணித்தேன். அந்தப் புண்தோளோடு ஐந்து முறை சுட்டான். நான்கு பலகையில் தைத்தன. ஊன்றிய கால் ஒரு விரற்கடையும் பெயரவில்லை. துப்பாக்கி என்றால் உதைக்கத்தான் செய்யும், ஐயா. அதை வாங்கிக்கொள்ள உடம்புக்கு நாம்தான் இடம் கொடுக்கவேண்டும்.

இவையெல்லாம் அரசர் திருமுன் வைக்கப்பட்டன. கேட்டருளிய திருவுளம் கட்டளையிடுவதாவது: பழகும் வேளையில் கொடியை இறக்கிச் சுருட்டி வைக்கக் கடவீர். ஆவுடையான் மீதான தண்டனை முறையே என்று இன்னும் கருதுவீராயின், வெள்ளியன்று ஊர் கூடிய களத்தில், கொடி பறக்க, நீரே குதிகால் ஒட்ட நிமிர்ந்து நின்று மூன்று வெடி தீர்க்கக் கடவீர். கால் பெயராவிடில் உமது தீர்ப்பு நிற்கும். பெயருமாயின், கோழை என்ற சொல்லை அவன் சம்பந்தி செவிகேட்க உம் வாயாலேயே மீட்டுக்கொள்ளக் கடவீர்.

இது வேழ முத்திரை பதித்த ஆணை. மூன்று வெடிக்கு வேண்டிய மருந்தை அளந்து ஓலையோடு அனுப்பியிருக்கிறோம்.