அப்பனும் மகனும் ஏறாத வள்ளம்

தூத்துக்குடி,
1946, மாசி மாதம், வியாழக்கிழமை.

சிரஞ்சீவி நல்லக்கண்ணுவுக்கு உன் அப்பா ஆவுடையப்பன் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம், மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன், நீ இலங்கை மலைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், வைத்தியர் அவளை நடக்கச் சொல்கிறார், அவள் வைத்தியரை இங்கே நடந்து வரச் சொல்கிறாள். ரேஷன் அரிசியில் கல் குறைந்திருக்கிறது, அரிசியும் கூடவே குறைந்திருப்பதால் சாப்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. யுத்தம் முடிந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிவிட்டன, மண்ணெண்ணெய்க் கடைக்காரருக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. பங்குனியில் நீ வரும் சமயம் எனக்கும் லீவு தருவதாக மில் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், இல்லாவிட்டாலும் நான் எடுத்திருப்பேன்.

உன் கடிதத்தில் எஸ்டேட் துரையின் மகன் சீமையிலிருந்து வந்திருப்பதாகவும், அப்பனும் மகனுமாக ஓடைக்குப் போய்த் தூண்டில் போடுவதாகவும், மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கென்றே ஓர் ஆளைக் கூலிக்கு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பிடித்த மீனை அவர்கள் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள் என்பதை அம்மாவிடம் வாசித்தபோது அவள் நம்பவில்லை, நீ வேடிக்கைக்கு எழுதியிருப்பாய் என்றாள். அதன் கீழே, அப்பா, நாமும் ஒரு நாள் அதுபோல வள்ளத்தில் கடலுக்குப் போகலாமா, இடம் தெரிந்த ஒருவரைப் பேசி வையுங்கள் என்று கேட்டிருந்தாயே, அந்த வரியை மட்டும் நான் அம்மாவுக்கு வாசிக்காமல் வைத்துக்கொண்டேன். கப்பல் போக்குவரத்து நின்று நாலு வருஷம் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலும் நான் மில்லுக்கும் நீ பள்ளிக்கூடத்துக்கும் போனதைத் தவிர நாம் இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதாக ஞாபகமில்லை. ஆகவே மறுநாளே கடற்கரைக்குப் போனேன்.

நான் ஆற்றுப்பாசன ஊர்க்காரன் என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் ஊரில் அப்பனும் மகனும் சேர்ந்து வயலில் இறங்கினால் பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள், அதைச் சொல்லிக்கொள்வதே ஒரு பெருமை. அந்தப் பெருமையை வேட்டி மடிப்புக் கலையாமல் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். முதலில் பேசிய வள்ளக்காரர் முகம் மலர்ந்துதான் பேசினார், நானும் என் ஒரே மகனும் வருவோம் என்று சொன்னதும் வள்ளத்துக்கு எண்ணெய் பூசவேண்டும், இப்போது இறக்க முடியாது என்றார். இரண்டாமவர் மனைவிக்குப் பிரசவ சமயம் என்றார், அந்த அம்மாள் பிறகு மீன் விற்க வந்தபோது பார்த்தேன், அறுபது வயதிருக்கும். மூன்றாமவர் வானத்தைப் பார்த்தார், வானத்தில் ஒன்றும் இல்லை. மில் உத்தியோகஸ்தர்கள் என்றால் கடற்கரையில் மரியாதை இல்லை போலும் என்று முடிவு செய்துகொண்டு, யுத்தத்துக்கு முன் நீ கொழும்பிலிருந்து ஏறிவந்த தோணியின் சொந்தக்காரர் காயல்பட்டினம் மூஸா நெய்னாவிடம் முறையிட்டேன்.

அவர் முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி, அப்பனையும் மகனையும் இந்தக் கரையில ஒரே வள்ளத்துல ஏத்த மாட்டாங்க, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்கு ஒரு ஆம்பளையாவது கரையில நிக்கணும்லா என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நூறு பக்கத்தில் அச்சடிப்பதைச் செலவில்லாமல் செய்துவைத்திருக்கிறார்கள், புத்திசாலித்தனமான ஏற்பாடுதான் என்று பாராட்டிவிட்டு, நாங்கள் மீன்பிடிக்கிற குடும்பம் இல்லையே, அந்த விதி எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். நாங்க வேளாளமாருன்னு நடுக்கடல்ல போய்ச் சொல்லிப் பாருங்க அண்ணாச்சி, கேக்குதான்னு பாப்போம் என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, படித்தவனுக்கு வரவேண்டிய கோபம், அதனால் தேடுவதை நான் விடவில்லை.

அதன்பிறகு தருவைகுளம் இனிகோ என்பவர் எங்கள் வீடு தேடி வந்தார். நாம் கூப்பிட்ட ஆள் எவரும் சொன்ன நாளில் வந்ததில்லை, கூப்பிடாமலே ஒருவர் வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஐம்பது வயது, கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை, பேச்சில் அத்தனை பணிவு. அப்பனும் மகனுமா போகணும்னு கேட்டீகளாமே, நான் கொண்டு போறேன் ஐயா என்றார். எந்த மீன் வேண்டும், எத்தனை தூண்டில் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிக்கு என்ன வயசு, நீச்சல் தெரியுமா, உங்களுக்கு ஒரே பிள்ளைதானா என்று கேட்டார். டாக்டர்கூட இவ்வளவு அக்கறையாக விசாரிப்பதில்லை என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சின வேகத்தில், நம் பக்கத்தார் வழக்கப்படி, கேட்காததையும் சொன்னேன், உன் எஸ்டேட் பெயர், டிவிஷன், எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்பதுவரை. உன் படம் இருந்தால் பார்க்கலாமா என்றார், அம்மா கொண்டுவந்து கொடுத்தாள், காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் அம்மா கையை நீட்டித்தான் வாங்கவேண்டியதாயிற்று. இதற்கு முன்னால் அப்பன் மகனைக் கொண்டு போனதுண்டா என்று கேட்டேன். கொண்டு போயிருக்கேன் ஐயா என்றார். நல்லபடியாகத் திரும்பி வந்தீர்களா என்றேன். வள்ளம் வந்திருச்சு ஐயா என்றார். எளிய மனிதர், சுருக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷம் மில் ஆபீஸில் பிறத்தியார் எழுதும் கடிதங்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான், மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் எனக்குப் புரியவில்லை. அவர் போனபிறகு அம்மா, வள்ளம் பேச வந்த மாதிரியா இருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரில்லா இருக்கு என்றாள். சீர் என்ன கொண்டுவருவார் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

முதலில் நான் ஒருதரம் வந்து பழகிக்கொள்வது நல்லது என்று அவரே சொன்னபடி போன திங்கட்கிழமை விடியுமுன் போனேன். முயல் தீவு வெளிச்சவீட்டைத் தாண்டும்வரை கடலைப் பற்றிப் பல நல்ல எண்ணங்கள் வந்தன, தாண்டியதும் காலையில் சாப்பிட்ட இட்லியும் வந்தது. பார் இருக்கும் இடத்தில், அதாவது தண்ணீருக்கடியில் பாறைத் திட்டுள்ள இடத்தில், தூண்டில் போட்டோம், விளமீன் இரண்டு மாட்டியது, ஒன்றை நானே இழுத்தேன், உன்னிடம் சொல்லவேண்டுமென்று அப்போதே நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் தூண்டில்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாயைத் திருப்பி இன்னும் வெகுதூரம் கொண்டுபோனார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு வள்ளத்துக்காரர் எங்களைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், மரியாதை என்று நினைத்து நான் கைகூப்பினேன். வேறு வள்ளமே கண்ணில் படாத ஓரிடத்தில் பாயை இறக்கினார். தண்ணீர் அங்கே கறுப்பாக, அலையில்லாமல் இருந்தது. இந்த இடந்தான் ஐயா என்றார். என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டேன். மீன் கிடையாது என்றார்.

ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வள்ளத்துக்கு ஆள் குறைந்தபோது, ஒருதரம் போனால் என்ன என்று தன் மகன் சந்தியாகுவை ஏற்றிக்கொண்டாராம். காற்று திரும்பி அந்த இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது, அவர் மட்டும் கரை சேர்ந்தார், பையனின் உடல் ஒதுங்கவே இல்லை. இறந்தவர்கள் திருநாளில் ஊரெல்லாம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறபோது அவர் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம், ஏற்ற இடமில்லை. அப்பனும் மகனுமா ஏறினோம், கடல் ஒருத்தனைத்தான் எடுத்துச்சு, கணக்கு பாதியில நிக்கு ஐயா, இன்னொரு சோடி இங்கன வந்தா என் பிள்ளையக் கரைக்குத் தள்ளிரும், எலும்பா வந்தாலும் போதும், அடக்கம் பண்ணிருவேன் என்றார். முன்னால் கொண்டுபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். நாசரேத்து வாத்தியார் ஒருத்தரும் மகனும் வந்தாங்க, ஒண்ணும் ஆகல, சுகமா வீட்டுக்குப் போயிட்டாங்க என்றார். பின்னே அன்றைக்கு ஏன் வள்ளம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னீர் என்றேன். அவுக வந்து எனக்கென்ன ஐயா, சந்தியாகு வரல்லையே என்றார். பிறகு, அந்த வாத்தியாருக்கு இன்னும் நாலு பையன் உண்டு, அதான் கடல் வேண்டாம்னுருச்சு, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானே என்றார். நீர் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். நான் ஒண்ணுஞ் செய்ய மாட்டேன் ஐயா, கொண்டுவந்து நிப்பாட்டுவேன், அம்புட்டுத்தான் என்றார். நான் கூலிக்கு அமர்த்திய ஆட்களில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் வேலையை விளக்கிச் சொன்னவர் வேறொருவர் கிடையாது.

கரை சேர்ந்ததும், பயணம் வேண்டாம், நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொன்னதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செவ்வாயும் புதனும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, தம்பி எந்தத் தோணியில வாராரு ஐயா என்று மட்டும் கேட்டார். அவன் வரவில்லை என்றேன். சரி ஐயா என்று போய்விட்டார். ஆகையால் நீ இந்தத் தடவை தோணியில் வராதே. தலைமன்னார் வழியாகத் தனுஷ்கோடி வந்து ரயில் ஏறு, தூத்துக்குடிக்கு வராமல் மணியாச்சியில் இறங்கு, நான் அங்கே நிற்பேன், அப்படியே ஸ்ரீவைகுண்டம் மாமா வீட்டுக்குப் போய்விடலாம். ஆற்றிலும் மீன் இருக்கிறது, சின்ன மீன்தான், பிடித்துத் திரும்ப விடுவதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெள்ளிக்கிழமை.

மேலே உள்ளதை நேற்று மத்தியானம் எழுதித் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் இனிகோ வரவில்லை, அம்மாவுக்குப் பெரிய நிம்மதி, எனக்குந்தான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். இன்று காலையில் மூஸா நெய்னா மூச்சிரைக்க வந்தார். நேற்று அதிகாலை வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு அவருடைய தோணி கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டதாம், கடைசி நேரத்தில் ஓர் ஆள் குறைந்ததாம், தோணியை ஓட்டும் தண்டல் கரையில் நின்ற இனிகோவை ஏற்றிக்கொண்டானாம். கூலியே வேண்டாம்னாராம் அண்ணாச்சி, அப்படி ஏறுத ஆளை எந்தத் தண்டல் இறக்கி விடுவான், எனக்கு ராத்திரிதான் தெரியும், தெரிஞ்சா விட்டிருப்பேனா, அல்லாஹ்தான் காப்பாத்தணும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கே இறங்கவேண்டும், எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்பதையெல்லாம் நான்தான் அவருக்கு முன்னமே சொல்லிக்கொடுத்திருக்கிறேனே.

உடனே போய்த் தந்தி அடித்தேன், இனிகோவுடன் எங்கும் போகாதே, கடிதம் பின்னால் வருகிறது என்று. தந்தி ஆபீஸ் குமாஸ்தா வாசித்துவிட்டு, கேடியா ஸார் என்று கேட்டார். இல்லை, நல்ல மனிதர் என்றேன், அப்படியானால் தந்தி எதற்கு என்பதுபோல என்னைப் பார்த்தார். உங்கள் எஸ்டேட்டில் தபால்காரன் தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் திரிவான் என்பது எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். போலீஸில் சொல்லலாமென்றால் என்னவென்று சொல்வது, ஒருவர் மிகுந்த மரியாதையோடு என் மகனைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றா.

ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. அவர் உன்னை இழுத்துக்கொண்டு போகமாட்டார், பயமுறுத்தமாட்டார், பொய்கூடச் சொல்லமாட்டார். உன் எதிரில் உட்கார்ந்து சந்தியாகுவைப் பற்றிச் சொல்லுவார். நீ கேட்டுக்கொண்டிருப்பாய், கேட்டு முடித்ததும், ஒரு நாள் அப்பாவோடு அந்த இடத்தில் போய் நின்றுவிட்டு வந்தால் என்ன, அந்த மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அன்று வள்ளத்தில் ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை, கடலை நினைத்து அல்ல. தந்தி அடித்துவிட்டு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் பெட்டியைத் திறந்து உன் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, அந்த மனுசன் வந்தா நம்ம பிள்ளை சாப்பாடு போடணும், விரட்டக்கூடாதுன்னு எழுதுங்க, அவர் கூட வாசல் தாண்டக்கூடாதுன்னும் எழுதுங்க என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பனியில் அலையாதே. அம்மன் அருளால் நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் உனக்கு உண்டாகட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு. மறக்காதே, மணியாச்சி ஸ்டேஷன். அவர் பேச்சைக் கேட்டு நீ அந்த வள்ளத்தில் ஏறிவிட்டாய் என்று தெரிந்தால், நான் யோசிக்காமல் ஓடிவந்து உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். இது இனிகோவுக்கு நன்றாகத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஆவுடையப்பன்.