கிரவுன் வீல் ஆண்டிமடத்தில்தான் இருந்தது

என் வீட்டுக்காரருக்கு, அன்பு குறையாமல் எழுதுகிறேன்.

உங்கள் கார் ஓடுகிறது. நேற்று பாடாலூர் வரை போய்த் திரும்பியது. சந்தோஷப்படாதீர்கள், முதலில் இதைக் கேளுங்கள்.

பின் ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் கிரவுன் வீலும் பினியனும் பல் உடைந்ததிலிருந்து நீங்கள் அலையாத ஊர் இல்லை. திருச்சி, சேலம், சென்னை என்று பழைய சாமான் கடைகளில் கரி பூசிக்கொண்டு திரிந்தீர்கள். இந்தப் பக்கத்தில் அதே மாடல் கார் இன்னும் ஒன்றே ஒன்றுதான், ஆண்டிமடத்தில் உங்கள் சிநேகிதர் செல்வராசுவிடம். அது ஓடாத கார். கேட்டபோது, "அத எடைக்குப் போட்டுட்டன்டா" என்றார். நம்பிவிட்டீர்கள்.

நான் நம்பவில்லை. "அவரு வீட்டுக்குப் போறப்ப ஒரு தடவ நல்லா சுத்திப் பாருங்க" என்றேன். "செல்வராசு எங்கிட்டப் பொய் சொல்லுவானா? பொம்பள புத்தி" என்றீர்கள். பிறகு கோயம்புத்தூரில் யாரோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறினீர்கள். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள்.

உங்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் செல்வராசு. அவர் அழுத அழுகையைப் பார்த்து, தப்பாக நினைத்துவிட்டோமே என்று நான்கூடக் கூசினேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, ஓடாத வண்டிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? அவன் ஞாபகமா நான் எடுத்துக்கறேனே" என்றார். சரி என்று சொல்லத்தான் ஆண்டிமடம் போனேன்.

அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி தனம் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். பிறகு முந்திரி மூட்டை அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினாள். அந்தக் கார் முழுசாக நின்றது, பின் ஆக்ஸிலோடு.

"அண்ணன் வர்றப்பல்லாம் இவரு இத மூடி வைக்கச் சொல்லுவாரு அண்ணி. ரெண்டு வண்டியும் ஒரு எடத்துல சேந்தாத்தான் ஒண்ணாவது ஓடும், அவன் அலுத்துப்போயி எங்கிட்டதான் தருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அண்ணன் இப்படிப் போயிடுவாருன்னு…"

நாங்கள் அங்கே நிற்கும்போதே செல்வராசு வந்துவிட்டார். தார்ப்பாயைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார், கடைசியாக என்னை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் தங்கச்சி."

"அவரு கேட்டாருண்ணே."

மறுநாள் பெரம்பலூர் மெக்கானிக்கைக் குட்டியானை வண்டியோடு கூட்டிப்போய் ஆக்ஸிலை அப்படியே கழற்றி ஏற்றினேன். யாரும் தடுக்கவில்லை. செல்வராசு திண்ணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

பொருத்தி ஓட்டிக் காட்டியபோது மெக்கானிக் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கோயம்புத்தூர் வரை போக முடிந்த உங்களால் ஒரு கொட்டகையின் பின்பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லையா? சிநேகிதன் சொன்னால் வேதம், கட்டினவள் சொன்னால் புத்தியில்லாதவள். செல்வராசு மேல் இருக்கிற கோபத்தில் பாதி உங்கள் மேல்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

அன்றிலிருந்து தனத்தோடு அவர் பேசுவதில்லையாம். சோற்றைத் தட்டில் போட்டு வைத்தால் எடுத்துச் சாப்பிடுகிறாராம். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகவும் விடவில்லை. உண்மை சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது இது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செல்வராசுவை இனி அண்ணன் என்று கூப்பிட மாட்டேன், உங்கள் திதிக்கு வந்தாலும் சரி. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். உங்கள் சீட்டில் உட்கார்ந்து நானே ஆண்டிமடம் போய், அவர் பார்க்கப் பார்க்கத் தனத்தை ஏற்றி அவள் அம்மா வீட்டில் இறக்கிவிடுவேன்.

நீங்கள் நம்பாமல் போன உங்கள் மனைவி,
மல்லிகா
குரும்பலூர்