குருகு தேடிய சனி ஞாயிறு

ஜனவரி 9, வெள்ளி

அக்கா மகளோடு ரயிலில் வந்து இறங்கினேன். பறவை பார்க்க. குளிரென்றால் அப்படி ஒரு குளிர் – நான் விட்ட கொட்டாவி உறைந்து எதிர் இருக்கைக்காரர் மடியில் விழுந்தது. சுருட்டை வீட்டில் தங்கல். லாரி ஓட்டிய காலத்துக் கூட்டாளி. பெயர்தான் சுருட்டை, இப்போது அந்தத் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

பிள்ளைக்கு ஒரே ஒரு பறவைதான் வேண்டும். குருகு. கழுத்தை நிமிர்த்தி நாணலோடு நாணலாய் நின்றுவிடுமாம். மூன்று குளிர்காலமாகத் தேடுகிறாள். அடுத்த மாதம் தொலைதூரத்துக்கு வேலை மாற்றல். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

"மாமா, பாக்காததப் பாத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நானா? சொல்வேனா?

ஜனவரி 10, சனி

சொல்லிவிட்டேன்.

ஏரியெல்லாம் மூடுபனி. அக்கரை நாணலுக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது. வாய் சும்மா இருக்குமா? "குருகு! ஆளுயரம்! என்னப் பாத்துக் கண்ணடிக்குது!" பாவம், முழங்கால் சேற்றில் இறங்கி ஓடினாள். போய்ப் பார்த்தால் உடைந்த துடுப்பு. என் கூச்சலில் வாத்தெல்லாம் பறந்துபோயின – பத்தாயிரம் இருக்கும். சரி, நாற்பது.

சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் பழைய புத்தகக் கடை. "நான் படிக்காத புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கடைக்காரரை மிரட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது அவருக்கு எதற்கு? வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். இன்று பறவைப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சே. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஜனவரி 11, ஞாயிறு, காலை

விடிந்ததும் தனியாக ஏரிக்குப் போனேன். திரும்பி வந்து, "மதகுப் பக்கம் நிக்குது" என்றேன்.

சுருட்டைக்குக் காபி புரையேறிவிட்டது. "ஆரம்பிச்சுட்டான்யா! இன்னிக்குக் கண்ணடிச்சுதா, கை குடுத்துச்சா?"

பிள்ளை என் முகத்தையே பார்த்தாள்.

"எவ்வளவு உயரம் மாமா?"

"தெரியலம்மா. நான் கிட்டப் போகல."

பைனாகுலரை எடுத்துக்கொண்டு, ஷூ கயிறுகூடக் கட்டாமல் ஓடினாள்.

மதியம்

நின்றது. என் முழங்கால் உயரம்தான். இருவரும் பார்த்தோம். அது பறந்து போகும்வரை என் சட்டைக் கையை அவள் விடவில்லை.

சாயங்காலம், ரயில்

எதிரே இருந்தவர் பைனாகுலரைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டுவான்? "குருகு சார். நின்னா என் தோள் உயரம்" என்று தொடங்கிவிட்டேன். உடனே பயம். ஓரக்கண்ணால் பிள்ளையைப் பார்த்தேன்.

புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "தலை உயரம் மாமா" என்றாள்.