அருள்ராஜுக்கு ஒரு சிபாரிசு

மங்காஃப், குவைத்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை பஞ்சவர்ணத்துக்கு,

உடையப்பன் அண்ணன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ செனட்டராக உறுதிமொழி எடுத்த போட்டோவை என் ரூம்காரன் ஐயப்பன் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ரூமில் ஒட்டினான். இருபத்திரண்டு வருஷம் அகதிகளுக்காகக் கோர்ட்டில் நின்றவள், இனி எழுபத்தைந்து வயது வரை அந்தச் சபையில் இருப்பாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ரூமில் எட்டுப் பேருக்கும் பாயசம் வைத்தேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. செனட்டர் என்றால் நம்மூர் எம்.பி. மாதிரி, லெட்டர்பேடில் நாலு வரி எழுதினால் எந்த ஆபீசிலும் வேலை நடக்கும் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நீ வக்கீலாக இருந்தபோதே ஒருவனுக்குச் சிபாரிசு கேட்டேன். சட்டத்துல இடமிருந்தா வாதாடுறேண்ணே, சொந்தத்துக்காக எழுத மாட்டேன் என்றாய். அதை இவர்களிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதை பிடித்திருந்தது.

அருள்ராஜ் என் பக்கத்துக் கட்டில்காரன். அவனுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், அக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டதில் அவனுடைய தங்கும் அனுமதி முடிந்துபோனது. அப்புறம் அப்படி அனுமதி முடிந்தவர்களுக்கு மூன்று மாதம் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஊருக்குப் போயிருந்தால் வேறு விசாவில் திரும்பி வந்திருக்கலாம். போகட்டுமாண்ணே என்று கேட்டான். தங்கச்சிக்கு எழுதியிருக்கேன், பதில் வரட்டும், இருடா என்றேன். கடைசி நாளும் கேட்டான். அதையேதான் சொன்னேன். உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை.

போன வாரம் ரோட்டு செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள். கைரேகை வைத்தாயிற்று. வியாழக்கிழமை ஊருக்கு ஏற்றுகிறார்கள். இனி அவன் இங்கே வர முடியாது. மூன்று பிள்ளைகள். அவன் பெட்டியை நான்தான் கட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, பசிக்கவும் இல்லை. டியூட்டிக்குப் போகிறேன், வருகிறேன். நேற்று உள்ளேயிருந்து போன் செய்தான். தங்கச்சி என்ன சொன்னுச்சுண்ணே என்றுதான் கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நான் கேட்பது சிபாரிசு இல்லையம்மா. அவன் ஊர் நம்பரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தோற்ற கேஸைக் கட்சிக்காரரிடம் சொல்லிப் பழகியவள் நீ. என் அண்ணன் எனக்கு எழுதவே இல்லை என்று அவனிடம் சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

நீ தீர்க்காயுசாக இரு. யாருக்கும் பொய் சொல்லாமல் இரு.

உன் அண்ணன்,
உடையப்பன்